பதினொரு மணி அறுவடை

மேடம் ஒரு கதிரைப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் விழவில்லை. பக்கத்துக் கதிரை ஆட்டினார். அதிலும் விழவில்லை. மூன்றாவதை உள்ளங்கையில் வைத்துத் தட்டிவிட்டு, அதுவும் போதாமல் விரலால் சுண்டிப் பார்த்தார். கதிர் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றது. ஒரு விதைகூடக் கழன்று வரவில்லை.

"அக்கா, இதப் பாத்தீங்களா? நல்லா முத்தியிருக்கு, காஞ்சும் இருக்கு. ஆனா உதிரவே மாட்டேங்குது!"

பன்னிரண்டு வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் இப்படி ஒரு கேள்வி. "அப்படியா மேடம்?" என்று நானும் வாயைப் பிளந்து அதிசயப்பட்டேன்.

இவர் எங்கள் விதைக் காப்பகத்துக்கு அதிகாரியாக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முன்பு இருந்த பெரிய ஐயா செடி வளர்க்கிற வலைக்கூண்டுப் பக்கமே வர மாட்டார். மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, அந்த மேசையிலிருந்தே ஓய்வு பெற்றுப் போனார். இவருக்கு முப்பத்திரண்டு வயது. செருப்பில் மண் ஒட்டினால் சந்தோஷப்படுகிற ரகம். அறுவடை நேரத்தில் கூண்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். வந்த வேகத்தில் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

நாங்கள் செய்கிற வேலை வெளியில் பலருக்குத் தெரியாது. குளிர் அறையில் தகர டப்பாக்களில் விதை தூங்கும். தூங்குகிற விதையும் கிழடாகும் என்பதால், அவ்வப்போது அதை எடுத்து விதைத்து, அறுத்து, புது விதையாக உள்ளே வைக்க வேண்டும். மற்ற விதைகளுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை இது போதும். நானூற்றுப் பதினேழாம் எண் விதைக்கு மட்டும் ஆயுசு கம்மி. எவ்வளவு குளிரில் வைத்தாலும் இரண்டாம் வருடம் முளைக்காது. அதனால் வருடா வருடம் விதைப்பு, வருடா வருடம் அறுப்பு.

நானூற்றுப் பதினேழு என்பது ஒரு காட்டுப்புல். பார்லிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அந்த வீட்டுப் பழக்கம் எதுவும் அதற்குக் கிடையாது. இடுப்பளவு உயரம், ஒல்லித் தண்டு, கதிர் முழுக்க நீளநீளமாக மீசை. ஒரே ஒரு மலைச்சரிவில் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவைக் கல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மலையே பாதிதான் இருக்கிறது. புல் எங்கள் வலைக்கூண்டில் மட்டும் இருக்கிறது. பதினாறு பாத்தி. பொறுப்பு நான் ஒருத்தி.

காட்டுப்புல்லுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. முற்றியதும் உதிரும். கதிரின் நுனியில் ஆரம்பித்துக் கணுக்கணுவாக உடைந்து, ஒவ்வொரு விதையும் மீசையோடு அம்பு மாதிரி மண்ணில் குத்தி நிற்கும். ஈரத்தில் ஒரு முறுக்கு, வெயிலில் ஒரு முறுக்கு என்று அந்த மீசையே விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும். யாரும் விதைக்க வேண்டாம், யாரும் மண் மூட வேண்டாம். மனித ஜென்மம் ஒன்றையும் நம்பாத புல் அது.

அப்படிப்பட்டதை அறுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பனி ஈரம் இருக்கும்வரை கதிர் தானாக உடையாது, தட்டினால் கொடுக்கும். வெயில் ஏறிவிட்டால் காற்று பட்டாலே கொட்டிவிடும். ஆகவே காலை ஆறு மணிக்குக் கூடையோடு போக வேண்டும். கதிரைக் கூடைக்குள் வளைத்துத் தட்ட வேண்டும். அன்றைக்குப் பழுத்தது அன்றைக்கு விழும். மறுநாள் மறுபடியும். மூன்று வாரம், ஒரு நாள் விடாமல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். அடுத்த வருடம் அறுப்புக்கு ஒரு மாதம் முன்னால் அம்மா குளியலறையில் விழுந்தாள்.

மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். வலது கால் போனது. வலது கை போகவில்லை, மூடிக்கொண்டது. அதற்குள் எதை வைத்தாலும் இறுக்கிப் பிடிக்கும். பிறகு விடத் தெரியாது. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "போலாம்." பசித்தால் போலாம். முதுகு வலித்தால் போலாம். துணி நனைந்தால் போலாம். அண்ணன் முகம் போனில் தெரிந்தால், கண்ணில் தண்ணீரோடு, போலாம். "எங்கம்மா போலாம்?" என்று முதல் வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் போலாம் போலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது; ஒருவரும் எங்கேயும் போவதில்லை.

காலையில் அவளைத் தூக்கி உட்கார வைத்து, சுத்தம் செய்து, குளிப்பாட்டி, கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக ஊட்ட வேண்டும். தொண்டையில் இறங்க நேரமெடுக்கும், அவசரப்பட்டால் புரையேறும். பத்தரைக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா சட்டைகளை அள்ளிக்கொண்டு வருவார். அம்மா கட்டிலருகே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார். அவர் வந்த பிறகுதான் நான் செருப்பு மாட்ட முடியும். கூண்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி.

பதினொரு மணிக்கு என்ன இருக்கும்? பழுத்ததெல்லாம் தரையில் கொட்டியிருக்கும். கூடையால் பிரயோஜனம் இல்லை. அரிவாளை எடுத்து, இன்னும் விதையோடு நின்ற கதிர்களை அறுத்தேன். அறுத்ததையே அடுத்த வருடம் விதைத்தேன். தரையில் விழுந்ததைப் பழைய மண்ணோடு கூட்டி அள்ளி, கூண்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் கொட்டினேன்; போன வருட விதை இந்த வருடப் பாத்தியில் கலக்கக் கூடாது என்பது விதி. அறுவடைப் பதிவேட்டில் மட்டும் நாள் தவறாமல் 'காலை 6.00, கூடை' என்று எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பொய்யாக இருந்தாலும் பார்க்க அழகு.

முதல் சில வருடம் அறுக்கக் கொஞ்சம்தான் கிடைத்தது. பிறகு கூடிக்கொண்டே வந்தது. ஆறாம் வருடம் டப்பா போதாமல் இன்னொரு டப்பா கேட்டேன். பெரிய ஐயா பாராட்டுக் கடிதம் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தேன். ஒன்பதாம் வருடம் ஒரு நாள், கதிரை அறுத்துக் கையில் பிடித்திருக்கும்போதுதான் உறைத்தது. விழத் தெரிந்ததையெல்லாம் வருடா வருடம் குப்பையில் கொட்டியிருக்கிறேன். பதினொரு மணி வரைக்கும் எனக்காகக் காத்திருக்கத் தெரிந்ததை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி விதைத்திருக்கிறேன். கூண்டில் நிற்பது காட்டுப்புல்லே இல்லை. நான் பழக்கி வைத்த பிராணி.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும், வேலை போனால் அம்மாவின் மருந்து போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது இந்தப் பெண் வந்து கதிரை ஆட்டிவிட்டுக் குதிக்கிறது.

"காட்டுலயே இப்படி ஒரு ரகம் இருந்திருக்குக்கா. மனுஷன் கை படாம, தானா! இது மட்டும் உறுதியாச்சுன்னா, விவசாயம் எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதி வச்சதெல்லாம் மாத்தி எழுதணும்." பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "பாருங்க, பதிமூணு வருஷமும் ஆறு மணி, கூடை. ஒரு நாள் கூடத் தப்பல. நீங்க பெரிய ஆளுக்கா. இதையே ஒரு பேப்பர்ல எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் எழுதப்போற ஆராய்ச்சிக் கட்டுரையோட வைக்கணும்."

"சரிங்க மேடம்."

"மலைக்காரர் வேற இன்னும் மூணு வாரத்துல வரார். இந்த வருஷ விதை அவருக்குத்தான்."

மலைக்காரர் என்று நாங்கள் சொல்வது, கல் உடைத்து முடித்த சரிவில் ஒரு பகுதிக்கு வேலி போட்டு, மண் கொட்டி, பழையபடி ஆக்கப் பார்க்கிற ஒரு மனிதரை. வருடத்துக்கு ஒரு முறை வந்து, கட்டிக் கொடுத்த பெண்ணை விசாரிப்பது போல, "எங்க புல்லு சௌக்கியமா இருக்காம்மா?" என்று விசாரிப்பார். நான்கு வருடமாக இந்த விதைக்காகத்தான் காத்திருக்கிறார்.

அவருடைய சரிவில் என் புல்லை விதைத்தால் முளைக்கும். வளரும். கதிர் விடும். அப்புறம் உதிராமல் நிற்கும். பதினொரு மணிக்கு அரிவாளோடு ஒருத்தி வருவாள் என்று நிற்கும். அந்த மொட்டை மலைக்கு யார் வருவார்கள்? மழையில் நனைந்து கதிரிலேயே முளைவிட்டு, அழுகி, இரண்டு மூன்று வருடத்தில் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அத்தோடு அந்தப் புல்லின் கதை முடிந்தது.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் பேசாம இரு பாப்பா. புல்லுதானே? அதுக்குப் போயி வேலைய விடுவியா? அம்மாவ யாரு பாக்குறது?"

"நீ பாரேன்."

"ஏய், என் நெலம தெரியாதா உனக்கு?"

தெரியும். அவனுடைய நிலைமை எனக்கு மனப்பாடம். அம்மா போனை எட்டிப் பார்த்து, "போலாம், போலாம்" என்றாள். "வரேம்மா, சீக்கிரம் வரேன்" என்று அண்ணன் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வெறும் தாளோடு மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"மேடம், ஆறு மணின்னு எழுதினதெல்லாம் பொய். முதல் வருஷம் மட்டும்தான் நிஜம். அப்புறம் எல்லா வருஷமும் பதினொரு மணிக்குத்தான் வந்தேன். கூடை இல்ல, அரிவாள். நின்னதத்தான் அறுத்தேன், அதையேதான் விதைச்சேன்."

அவர் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்ததைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஏங்க்கா?"

"வீட்ல அம்மா."

அவர் எழுந்து ஜன்னல் வழியாகக் கூண்டைப் பார்த்தார். திரும்பியபோது கண்ணில் பழைய வெளிச்சம், முன்னைவிடப் பிரகாசமாக.

"அக்கா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியல. ஆதியில மனுஷங்க புல்லக் கூடையில தட்டித்தான் எடுத்தாங்க. அது வரைக்கும் புல்லு புல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யாரோ அரிவாளால அறுத்தாங்க. அறுத்ததக் கொண்டு போயி வேற எடத்துல விதைச்சாங்க. திரும்பத் திரும்ப அதையே பண்ணப் பண்ண, உதிராத கதிர் மட்டும் மிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பயிரால மனுஷன விட்டுட்டு வாழ முடியல, மனுஷனாலயும் அத விட்டுட்டுப் போக முடியல. இதெல்லாம் நடக்க நூறு நூறா வருஷம் ஆச்சும்பாங்க. நீங்க ஒரு கூண்டுக்குள்ள, பத்துப் பன்னெண்டு அறுப்புல பண்ணியிருக்கீங்க!"

"அப்போ வேலை...?"

"வேலையா? நீங்க எங்கயும் போகக் கூடாது. எதையும் மாத்தக் கூடாது. இதே பதினொரு மணி, இதே அரிவாள், இதே கை. இன்னும் பத்து வருஷம். ஆள் மாறினா எல்லாம் கெட்டுடும். நடவடிக்கை எதுவும் வராம நான் பாத்துக்கறேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் அதைச் சொல்லாமல் விட்டபோதுதான் புரிந்தது, நான் பயந்துகொண்டு போகவில்லை. ஆசைப்பட்டுப் போயிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக யாராவது என் விரலைப் பிரித்துவிட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. காப்பாற்றியவர்மேல் கோபப்பட என்ன நியாயம் இருக்கிறது? ஆனாலும் வந்தது.

"மலைக்காரருக்கு?"

"எதக் குடுக்கறது? இது காட்டுப்புல்லே இல்லன்னு நீங்கதானே சொல்றீங்க. விதை இல்லன்னு லெட்டர் போட்டுடலாம்." கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். கெட்ட பெண் இல்லை.

அன்றைக்கே கூண்டுக் கதவில் தாள் ஒட்டியாகிவிட்டது: 'காலை 11.00 மணிக்கு முன் திறக்கக் கூடாது.' சாவியையும் மேடமே வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் முடியாமல் தாமதமாக வந்தவள், இனிமேல் சட்டப்படி தாமதமாக வர வேண்டும்.

ஆதியில் அறுத்த அந்த முதல் அரிவாள்காரியைப் பற்றி யோசித்துக்கொண்டே கூண்டுக்குப் பின்னால் போனேன். உலகத்துக்கே சோறு போட்டவள் என்று அவளைச் சொல்வார்கள் போலிருக்கிறது. அவள் ஏன் விடியற்காலையில் கூடையோடு போகவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். வீட்டில் யாரோ படுத்திருந்திருப்பார்கள். ஊட்டி முடித்துவிட்டு ஓடியிருப்பாள். அதற்குள் பழுத்ததெல்லாம் கொட்டியிருக்கும்.

சாக்கடையோரக் குழாயில் முகம் கழுவக் குனிந்தபோது ஏதோ காதில் குத்தியது. மீசை.

சிமெண்ட் வெடிப்பிலும், செங்கல் இடுக்கிலும், நான் மண் கொட்டுகிற மூலையிலும் முப்பது நாற்பது தூர் புல் நின்றது. புதிதாக வந்தது ஒன்றும் இல்லை. வருடா வருடம் வரும். வருடா வருடம் பார்வையாளர் வரும் முன்பு களை என்று பிடுங்கிப் போடுவேன், பாதி தப்பித்துவிடும். சாக்கடைத் தண்ணீர் குடித்துக் கொழுத்ததால் கூண்டுக்குள் இருப்பதைவிடப் பத்து நாள் பிந்தி, இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது. நுனி மஞ்சளாயிருந்த ஒரு கதிரைத் தொட்டேன். தொட்டதுதான் தாமதம், மூன்று விதை என் கையில் கழன்று விழுந்தது. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் விழுந்தது.

நான் குப்பை என்று கொட்டியதுதான் தப்பித்திருக்கிறது. விழத் தெரிந்ததெல்லாம் விழுந்து, கூண்டை விட்டு வெளியே வந்து, குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் மேடத்தைக் கூட்டிவர ஓடினேன்.

மேடம் வந்து பார்த்தார். கதிரைத் தொட்டார். உதிர்ந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் அவருக்கும் முகம் மலர்ந்தது. பிறகு அவருக்குள்ளிருந்த அதிகாரி விழித்துக்கொண்டார்.

"இது எங்கேருந்து வந்ததுன்னு எப்படிக்கா நிரூபிக்கறது? பதிவேட்டுல இல்ல. நம்பர் இல்ல. கூண்டுக்கு வெளிய நிக்கிறத நான் நானூத்திப் பதினேழுன்னு எழுதினா, மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஏற்கெனவே பன்னெண்டு வருஷப் பொய்ய நான் விளக்கியாகணும்."

"அப்போ இது என்ன மேடம்?"

"களை. வழக்கம்போலப் பிடுங்கிடுங்க. காத்துல உள்ள விழுந்து பாத்தியில கலந்துடப் போகுது. மாசக் கடைசிக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க."

மாசக் கடைசிக்குப் பதினாறு நாள் இருந்தது. பழுத்து முடிய அது போதும். ஆனால் எடுக்க வேண்டியது விடியற்காலையில். பதினொரு மணிக்கு வந்தால் எல்லாம் சாக்கடையில் மிதக்கும்.

அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு வாரம், காலை இரண்டு மணி நேரம் மட்டும். "லீவு கெடைக்காது பாப்பா" என்றான். தையல்காரம்மாவைக் கேட்டேன். "காலைல ஆறு பேருக்குச் சாப்பாடு கட்டணுமே, கண்ணு" என்றார். கோபத்தில் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். அம்மா திடுக்கிட்டு, "போலாம்" என்றாள்.

"சரி, வா" என்றேன்.

மூலையில் துணி காயப்போடப் பயன்பட்டுக்கொண்டிருந்த சக்கர நாற்காலியைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைத்தேன். மறுநாள் ஐந்தரைக்கு அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துப் போர்த்தி, தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி தவிர அவள் வெளியே வந்து எத்தனை வருடம்! கடைகள் திறக்கவில்லை. பால் வண்டிக்காரர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி எங்களைப் பார்த்தார். தெருமுனை திரும்பும்போது அம்மா இரண்டு பக்கமும் பார்த்து, "போலாம்" என்றாள், சத்தமாக. உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைப் பன்னிரண்டு வருடம் முன்பே செய்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

சாக்கடையோரம் நாற்காலியை நிறுத்தி, கூடையின் பிடியை அம்மாவின் வலது கையில் வைத்தேன். கை மூடிக்கொண்டது. அந்தப் பிடியைவிட உறுதியான பிடி எந்த ஆளிடமும் கிடைத்திருக்காது. நான் ஒவ்வொரு கதிராக வளைத்துக் கூடைக்குள் தட்டினேன். பனியில் நனைந்த கதிர் மனசு வைத்தது போல நாலைந்து விதையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தது. ஒரு விதை அம்மாவின் தலைமுடியில் மீசையோடு மாட்டிக்கொண்டது. அவள் வாய் கோணிக்கொண்டே சிரித்தாள். ஏழு மணிக்கு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூடையை வாங்கினேன். வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, மறுபடி பதினொரு மணிக்குக் கூண்டுக்கு வந்து, உதிராததை அறுத்தேன். பதிவேட்டில் '11.00, அரிவாள்' என்று எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை. எழுதாததுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

பதினாறு நாள். இடுப்பு ஒடிந்தது. கடைசி நாள் தூர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டேன், மேடம் சொன்னபடியே. தையல்காரம்மா சட்டைத் துணியில் மிஞ்சியதை வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். இரண்டு படி விதை இருந்தது.

மலைக்காரர் சொன்ன தேதிக்கே வந்துவிட்டார். விதை இல்லை என்ற கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. மேடம் அதன் நகலை நேரில் கையில் கொடுத்தார். அன்றைக்குத் தையல்காரம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால், கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அம்மாவையும் கூட்டி வந்திருந்தேன். கூண்டுக்குப் பக்கத்து மர நிழலில் நாற்காலி. கையில் காலிக் கூடை. பழக்கமாகிவிட்டது, இல்லாவிட்டால் சிணுங்குவாள். மணி பத்தே முக்கால்.

மலைக்காரர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துக் கிடந்தது. "நாலு வருஷம்மா," என்றார் என்னிடம். "மண்ணு கொட்டி, தண்ணி கட்டி... இப்போ இல்லன்னா எப்படி?"

துணிப்பையை அவர் மடியில் வைத்தேன்.

"இதுக்கு நம்பர் கெடையாதுங்க. மேடம் கணக்குல இது களை. அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன், களைய என்ன வேணாலும் பண்ணுங்கன்னுட்டாங்க."

அவர் பையைப் பிரித்தார். அதில் மாதிரிக்கு ஒரு முழுக் கதிரை மேலாக வைத்திருந்தேன். விரல் பட்டதும் அது கணுக்கணுவாக உடைந்து உள்ளே விழுந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரிவுல சும்மா தூவிவிடுங்க," என்றேன். "மூட வேண்டாம், அதுவே உள்ள போயிடும். அப்புறம் அறுக்காதீங்க. பொறுக்காதீங்க. அதத் தொடவே வேண்டாம்."

"நீங்களே வந்து தூவுங்களேன்மா. வண்டியில எடம் இருக்கு. அம்மாவையும் முன்னால உக்கார வச்சுக்கலாம். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

வண்டியின் கதவு திறந்தே கிடந்தது. முன் இருக்கை அகலமாக இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் ஒரு அடி நகர்ந்ததும் தெரியும். மாடி ஜன்னலில் மேடம் கூண்டுச் சாவியோடு நின்று கடிகாரத்தைப் பார்த்ததும் தெரியும்.

"பதினொரு மணிக்கு அறுப்பு இருக்குங்க," என்றேன். "ஒரு நாள் விட்டாக்கூட மேடத்துக்கு எல்லாம் கெட்டுடும்."

அவர் வற்புறுத்தவில்லை. பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஏறினார். வண்டி வாசலைத் தாண்டி, தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி மறைந்தது.

அம்மாவின் கையிலிருந்து கூடையை வாங்கப் போனேன். அன்றைக்கு என்னவோ விரல்கள் ரொம்பவே இறுகியிருந்தன. சுண்டு விரலைப் பிரித்தேன். அடுத்ததைப் பிரிப்பதற்குள் அது மறுபடி மூடிக்கொண்டது. அவள் வண்டி போன திசையைக் காட்டி, "போலாம்," என்றாள். பதில் வராததால் என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை, கெஞ்சுவது போல, "போலாம்."

"இன்னும் பத்து நிமிஷம்மா," என்றேன்.

மேடம் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவரும் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் கதிர்கள் முற்றி, காய்ந்து, ஒரு விதைகூட உதிர்க்காமல் எனக்காக நின்றுகொண்டிருந்தன.